அட்டைக் கேக்கும் பயணச்சீட்டுப் பொட்டுகளும்

 

இலக்கிய உரை வரிசையொன்றில் கலியாண வரவேற்பு மண்டபத்தின் அலங்காரத்தையும், விருந்தினர் கையில் கொடுத்தனுப்பும் சின்னப் பொருள்களையும் பற்றி நான் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். புலம்பெயர் நாடுகளில் எங்கள் வரவேற்பு மண்டபங்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு சொல்தான் என்னை இந்தப் பேச்சுக்குக் கொண்டுவந்தது. ‘போலி’ என்பது அந்தச் சொல். மணவறைத் தூண் றெஜிபோம். தமிழகத்தில் தெர்மகோல் என்பார்களே, அது. வாசலில் நிற்கும் குலைவாழை பிளாஸ்டிக். மேசையில் நிற்கும் ஐந்தடுக்குக் கேக்கில் நாலடுக்கு வெறும் உருவம். “ஊரிலே எல்லாம் உண்மையாக இருந்தது, இங்கே எல்லாம் போலி” என்று யாராவது ஒருவர் சொல்லாமல் பந்தி முடிவதில்லை.

மலிவான மாற்றுப்பொருள் எப்போது போலியாகிறது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு காலகட்டத்துக்குள் உங்களைக் கூட்டிப்போக விரும்புகிறேன். 1940 முதல் 1953 வரையான பிரித்தானியா. நான் வாழும் நாடு என்பது ஒரு காரணம். எங்கள் வீட்டுக் கலியாணங்களுக்குள் இருக்கும் சில பொருள்கள் அந்த வழியாகத்தான் வந்தன என்பது மற்றக் காரணம்.

1939 செப்டெம்பரில் போர் தொடங்கியது. 1940 ஜனவரி 8ஆம் திகதி பன்றி இறைச்சி, பட்டர், சீனி ஆகியவை பங்கீட்டுக்குள் வந்தன. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் ஒரு ஆளுக்கு வாரத்துக்குக் கிடைத்த சீனி 8 அவுன்ஸ், பட்டர் 2 அவுன்ஸ், முட்டை ஏறக்குறைய ஒன்று. கேக்குக்கு வேண்டிய உலர்ந்த பழங்கள் கப்பலில் வர வேண்டும். கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் கடலில் வைத்தே மூழ்கடித்துக்கொண்டிருந்தன. 1940 ஓகஸ்டில் இன்னொரு ஆணை வந்தது. சுட்டெடுத்த கேக்கின் மேல் சீனி ஐசிங் பூசக் கூடாது.

‘கூப்பன்’ என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. இலங்கையில் அரிசிப் பங்கீடு 1942இல் இதே போரின் விளைவாகத் தொடங்கியது. கூப்பன் புத்தகம், கூப்பன் அரிசி, கூப்பன் கடை என்று போர் முடிந்து பல காலத்துக்குப் பிறகும் அந்தச் சொல் எங்கள் வாயில் இருந்தது. ஆகவே லண்டனில் கூப்பன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகளின் கலியாணத்துக்குக் கணக்குப் பார்த்த ஒரு தாயை எங்களால் எளிதாக மனக்கண்ணில் காண முடியும்.

அந்தத் தாய்க்கு இருந்த சிக்கல் இதுதான். வெள்ளை ஐசிங் பூசிய அடுக்குக் கேக் இல்லாமல் ஆங்கிலக் கலியாணம் இல்லை. மணமக்கள் சேர்ந்து கத்தியைப் பிடிக்கும் படம் இல்லாமல் குடும்ப ஆல்பம் இல்லை. ஆனால் வெள்ளையாக எதையும் பூசக் கூடாது. இதற்கு வெதுப்பகக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். இரண்டு மூன்று அடுக்கு உயரத்தில், அட்டையாலோ பிளாஸ்டர் ஒவ் பாரிஸாலோ ஒரு கூடு செய்தார்கள். வெள்ளை பூசி, ஐசிங்கில் செய்வதுபோலவே பூவும் விளிம்பும் வைத்தார்கள். அதை வாடகைக்கு விட்டார்கள். படம் எடுக்கும் நேரம் மேசையில் அந்தக் கூடு நிற்கும். மணமக்கள் கத்தியைப் பக்கத்தில் பிடித்தபடி நிற்பார்கள். பிறகு கூட்டைத் தூக்கினால் உள்ளே சின்னதாக ஒரு கேக் இருக்கும். நாள் முடிந்ததும் கூடு கடைக்குத் திரும்பும். அடுத்த சனிக்கிழமை இன்னொரு பெண்ணின் மேசைக்குப் போகும்.

உள்ளே இருந்த சின்னக் கேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைத் தூள், இனிப்புக்காகத் துருவிய கரட், திராட்சைக்குப் பதிலாக ஏதாவது ஒரு உலர்பழம். பழக்கேக்கின் கருமை வராததால் இறைச்சிக் குழம்புக்கு நிறம் கொடுக்கும் கரைசலையும் சிலர் கலந்தார்கள். அதில் போன சீனி ஒரு வீட்டுச் சீனி அல்ல. மாமி, பக்கத்து வீட்டுக்காரர், வேலைத்தலத்துத் தோழி என்று பலர் தங்கள் வாரப் பங்கில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது. மண்டபத்தில் கைதட்டிக்கொண்டு நின்றவர்களில் பலருக்கு அந்தக் கேக்கில் ஒரு தேக்கரண்டிப் பங்கு இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அட்டைக் கூடு யாரையும் ஏமாற்றவில்லை. வந்த எல்லோருக்கும் அது அட்டை என்று தெரியும். எல்லோரும் சேர்ந்து அதைக் கேக்காக ஏற்றுக்கொண்டார்கள். கூத்து மேடையில் ஒரு முக்காலியை அரசனின் சிம்மாசனமாக ஏற்றுக்கொள்கிறோமே, அதுபோல.

இந்த அட்டைக் கேக்கைப் போர் திடீரென்று பெற்றெடுக்கவில்லை. 1840இல் விக்டோரியா மகாராணியின் கலியாணக் கேக் 300 இறாத்தல் எடை; சுற்றளவு 3 யார். 1858இல் அவருடைய மூத்த மகளின் கலியாணத்தில் உயர்ந்த அடுக்குக் கேக் ஒன்று வைக்கப்பட்டது. அதில் அடித்தட்டு மட்டும்தான் கேக்; மேலே இருந்ததெல்லாம் சீனியால் செய்த சிற்ப வேலை. 1882இல் இளவரசர் லியோபோல்டின் கலியாணத்தில்தான் எல்லா அடுக்கும் உண்மையான கேக்காக இருந்ததாகச் சொல்கிறார்கள். அதாவது, உண்ண முடியாத மேலடுக்கு அரண்மனையிலேயே தொடங்கிய ஒன்று. அரசர்கள் வீட்டில் அதைச் சிற்பம் என்றார்கள். ஏழை வீட்டில் அதே வேலையை அட்டை செய்தபோதுதான் போலி என்ற சொல் வந்தது.

அந்த வெள்ளைப் பூச்சுக்குப் பின்னால் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். 1834இல் பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை ஒழிப்பு நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டிலிருந்து மொரீஷியஸின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுபோகப்பட்டார்கள். தமிழர்களும் அதில் இருந்தார்கள். மொரீஷியஸ் சீனி பிரித்தானியச் சந்தைக்கு வந்தது. 1874இல் பிரித்தானியா சீனி மீதான வரியை நீக்கியது. அரண்மனை மேசையில் இருந்த வெள்ளைக் கேக் கடைக்காரர் வீட்டுக்கும், பிறகு தொழிலாளி வீட்டுக்கும் இறங்கி வந்ததற்குச் சீனி மலிந்தது ஒரு முக்கிய காரணம். மலிவு என்ற சொல்லை நாங்கள் நல்ல பொருளில்தான் பயன்படுத்துகிறோம். யாருடைய முதுகில் அது மலிந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

கேக்குக்கு அடுத்தது, மணமக்கள் மேல் தூவும் வண்ணக் காகிதப் பொட்டு. ஆங்கிலத்தில் அதைக் கன்ஃபெட்டி என்கிறார்கள். இத்தாலியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு: சீனி பூசிய பாதாம். மத்திய இத்தாலியின் சுல்மோனா நகரம் அதற்குப் பேர்போனது. பெலினோ குடும்பம் அங்கே 1783இலிருந்து அதைச் செய்துவருகிறது. இத்தாலியக் கலியாணங்களில் விருந்தினருக்கு ஐந்து பாதாமைச் சிறு பொதியாகக் கட்டிக் கொடுப்பார்கள். உடல்நலம், செல்வம், மகிழ்ச்சி, பிள்ளைப்பேறு, நீண்ட ஆயுள் என்று ஐந்துக்கும் பொருள் சொல்வார்கள். எங்கள் வெற்றிலை பாக்குத் தட்டத்துக்கு ஒரு தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தாலியக் கார்னிவல் திருவிழாக்களில் இனிப்பை எறியும் வழக்கமும் இருந்தது. இனிப்பு விலை கூடியது. ஆகவே சுண்ணாம்பு உருண்டைகளை எறிந்தார்கள். அது கண்ணிலும் உடுப்பிலும் பட்டுத் தொல்லை தந்தது. 1875இல் மிலானில் என்ரிகோ மாஞ்சிலி என்ற தொழில்முனைவர் ஒரு மாற்றுக் கண்டார் என்று சொல்லப்படுகிறது. பட்டுப்புழு வளர்க்கும் தட்டுகளில் விரிக்கத் துளைபோட்ட காகிதத் தாள்கள் பயன்பட்டன. துளை போடும்போது விழுந்த வட்டங்கள் குப்பை. அந்தக் குப்பையை அவர் பொதிசெய்து விற்றார். இனிப்பின் பெயர் இத்தாலிக்கு வெளியே அந்தக் காகிதத்துக்குப் போய்விட்டது. இங்கிலாந்தில் அதற்கு முன்பு மணமக்கள் மேல் அரிசி எறிந்தார்கள். 19ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தில் காகிதப் பொட்டு அந்த இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது.

பிறகு போர் வந்தது. காகிதமும் தட்டுப்பாடானது. பழைய காகிதத்தை வீடு வீடாகச் சேகரித்தார்கள். அந்த நேரத்தில் புதுக் காகிதத்தை வெட்டித் தெருவில் கொட்ட முடியுமா? ஆனால் அலுவலகங்களில் கோப்புக்குத் துளையிடும் கருவியின் அடியில் வட்டங்கள் சேர்ந்தன. பேருந்து நடத்துநர்கள் பயன்படுத்திய பெல் பஞ்ச் என்ற கருவி பயணச்சீட்டில் துளைபோடும்போது வெட்டுப்பட்ட துண்டைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். எத்தனை சீட்டு விற்றது என்று சரிபார்க்க வேண்டுமானால் அந்தத் துண்டுகளை எண்ணலாம். கட்டணத்துக்கு ஒரு நிறம் என்பதால் அவை பல வண்ணத்தில் இருந்தன. இப்படி அலுவலகத்திலும் பேருந்திலும் ரயிலிலும் விழுந்த பொட்டுகளைச் சேர்த்துவைத்து மணமக்கள் மேல் தூவினார்கள். பட்டுப்புழுத் தட்டின் குப்பையில் பிறந்த வழக்கம், பயணச்சீட்டுக் குப்பையில் உயிர்தப்பியது.

பூவும் இப்படித்தான். மலர் வளர்த்த நிலங்களில் பெரும்பகுதி காய்கறிக்கு மாறியது. ஒரு காலத்தில் ரயிலில் பூ அனுப்புவதே தடையாக இருந்தது. ஆகவே தோட்டத்து மூலையிலும் வேலியோரத்திலும் பூத்ததை, கையில் கிடைத்த போத்தலில் வைத்தார்கள். மணப்பெண்ணின் உடைக்கும் வழி கண்டார்கள். காதல் நாவல்கள் எழுதிப் பேர்பெற்ற பார்பரா கார்ட்லண்ட், படைப்பிரிவுகளில் பணியாற்றிய பெண்களுக்காக வெள்ளைக் கலியாண உடுப்புகளைத் தேடிச் சேர்த்தார். ஒருத்தி உடுத்துத் திருப்பிக் கொடுக்க, அடுத்தவள் உடுத்தாள்.

இனி, விருந்தினர் கையில் போகும் பொருளுக்கு வருகிறேன். ஆங்கிலக் கலியாணத்தில் கேக்கே அந்தக் கைப்பொருளாக இருந்தது. வரமுடியாதவர்களுக்குச் சின்னப் பெட்டியில் ஒரு துண்டைத் தபாலில் அனுப்புவார்கள். கலியாணமாகாத பெண் அந்தத் துண்டைத் தலையணைக்குக் கீழ் வைத்துப் படுத்தால் வரப்போகும் கணவன் கனவில் வருவான் என்றும் நம்பினார்கள். இந்த வழக்கம் குடியேற்ற ஆட்சியோடு இலங்கைக்கு வந்தது. அங்கே ரவையும் கஜுவும் பூசணிப் பாகும் சேர்ந்து கேக்கின் உள்ளீடு மாறியது. பிறகு அது சிங்களவர், பறங்கியர், தமிழர் என்று எல்லார் வீட்டுக் கலியாணத்துக்கும் போனது.

இலங்கையில் இன்றும் கலியாண மண்டபத்தில் நடப்பதைப் பாருங்கள். மேசையில் உயரமாக ஒரு ‘கேக் ஸ்ட்ரக்சர்’ நிற்கும். பெரும்பாலும் அது றெஜிபோம் உருவம். மணமக்கள் வெட்டுவதற்கு ஒரு மூலையில் கொஞ்சம் கேக் இருக்கும். விருந்தினருக்கான உண்மையான கேக், துண்டு துண்டாகச் சுற்றி, சின்னப் பெட்டிகளில் தனியே அடுக்கியிருக்கும். வெளியேறும்போது ஆளுக்கொன்று. இதை யாரும் அங்கே போலி என்று சொல்வதில்லை. காட்சிக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். லண்டன் வெதுப்பகக்காரர் செய்ததும் இதே பிரிப்புத்தான். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் வாதிட வரவில்லை. ஒரே சிக்கலுக்கு இரண்டு ஊர்களில் ஒரே விடை வந்திருக்கிறது என்பதே எனக்குப் போதும்.

ஆகவே ‘ஊரிலே எல்லாம் உண்மை’ என்ற நினைவைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். ஊரில் குலைவாழை உண்மையாக இருந்ததற்குக் காரணம், அது பக்கத்து வளவில் நின்றது. யாரோ ஒருவர் வெட்டித் தந்தார். அதற்குப் பணம் கொடுக்கவில்லை, அல்லது கொஞ்சம் கொடுத்தோம். மாவிலையும் தென்னோலைத் தோரணமும் அந்த ஊரின் மலிவான அலங்காரங்கள்தான். பனி கொட்டும் ஊரில் குளிரூட்டிய விமானத்தில் வரும் வாழைமரம், பொருளளவில் உண்மையாக இருக்கலாம். ஆனால் பக்கத்து வளவுக்காரர் வெட்டிவந்து கட்டிய வாழையின் இடத்தை அது பிடிக்காது. மூன்று குடும்பங்கள் மாறி மாறிப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் வாழை அதற்குச் சற்றே கிட்டே வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

போலி என்ற சொல்லை நான் வேறோர் இடத்துக்கு வைத்திருக்கிறேன். கடனட்டையில் வாங்கிய இறக்குமதிப் பூச்சுவர், ஒரு மாலைக்குப் பிறகு குப்பைத் தொட்டிக்குப் போகிறது. மணமக்கள் அந்தக் கடனோடு குடித்தனம் தொடங்குகிறார்கள். பூ உண்மையானது. ஆனால் அந்தப் பூவின் விலை மண்டபத்தில் இருந்த யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அது அங்கே நிற்கிறது. அட்டைக் கேக்கின் விலையும் அதன் காரணமும் மண்டபம் முழுக்கத் தெரிந்திருந்தது. மறைப்பது எங்கே இருக்கிறதோ, போலியும் அங்கேதான் இருக்கிறது.

கலியாணச் செலவைக் குறைக்க நினைக்கும் இளையவர்கள் சிலர் என்னிடம், “வித்தியாசமாகவும் இருக்க வேண்டும், கை கடிக்கவும் கூடாது, என்ன செய்யலாம்?” என்று கேட்பதுண்டு. அலங்காரப் பட்டியல் ஒன்றும் என்னிடம் இல்லை. போர்க்காலத்தவர்களிடமிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக் கொடுப்பேன். இந்தப் பொருள் உங்களுக்குப் பிறகு இன்னொருவர் கலியாணத்துக்குப் போகுமா? இதில் உங்கள் மனிதர்கள் யாருடைய கையாவது பட்டிருக்கிறதா? விருந்தினர் வீட்டுக்குக் கொண்டுபோவதை அவர் உண்பாரா, நடுவாரா, பயன்படுத்துவாரா, அல்லது அலுமாரியில் தூசி படியவிடுவாரா? இந்த மூன்றுக்கும் நல்ல விடை இருந்தால், அது றெஜிபோமா சந்தனமா என்பது பெரிய விடயமில்லை.

1947 நவம்பர் 20ஆம் திகதி இளவரசி எலிசபெத்தின் கலியாணம் நடந்தது. போர் முடிந்து இரண்டு ஆண்டாகியும் பங்கீடு தொடர்ந்தது. தங்கள் உடுப்புக் கூப்பன்களைப் பெண்கள் பலர் அவருக்கு அனுப்பினார்கள். கூப்பனைக் கைமாற்றுவது சட்டவிரோதம் என்பதால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. அவருடைய கேக் நாலடுக்கு, 9 அடி உயரம், 500 இறாத்தல். அதற்கான பொருள்களை அவுஸ்திரேலியப் பெண் சாரணியர் அனுப்பியிருந்தார்கள். இளவரசிக்கும் பிறர் கொடுத்துத்தான் கேக் ஆனது, அளவுதான் வேறு. சாதாரண மக்களுக்குச் சீனிப் பங்கீடு 1953 செப்டெம்பர் வரை நீடித்தது.

அரச கேக்குகளின் துண்டுகள் இன்றும் பெட்டிகளில் இருக்கின்றன. விக்டோரியாவின் 1840ஆம் ஆண்டுக் கேக்கின் ஒரு துண்டு 2016இல் லண்டனில் ஏலம் போனது. ஆனால் எத்தனையோ சனிக்கிழமைகள் மேசையில் நின்ற அட்டைக் கூடுகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. மலிவான பொருளை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. அவற்றைப் பற்றி எங்களுக்குத் தெரிவதெல்லாம், வயதானவர்களிடம் யாரோ உட்கார்ந்து கேட்டு எழுதியதாலும் பழைய படங்களாலும்தான்.

எங்களிடமும் அப்படி ஒரு காலம் இருக்கிறது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்யும் பற்றரியும் சவர்க்காரமும் கிடைப்பதே அரிது. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் சிறிது மண்ணெண்ணெய், நடுவே ஒரு மெல்லிய திரி என்று ஒரு சிக்கன விளக்கை எங்கள் சனம் கண்டுபிடித்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி, பாட்டும் செய்தியும் கேட்டார்கள். அந்த ஆண்டுகளிலும் கலியாணங்கள் நடந்தன. சேலை எப்படி வந்தது, பலகாரத்துக்குச் சீனி யார் தந்தது, படம் எடுக்கப் பிலிம் எங்கே கிடைத்தது, வந்தவர்களுக்கு என்ன கொடுத்தனுப்பினார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் உங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

இன்று மலிவான, வித்தியாசமான அலங்காரம் என்று தேடும் இளையவர்களுக்கு முன்வரிசையில் காட்டப்படுவது ஜாம் போத்தலுக்குள் வைத்த விளக்கு. அதை மேசை மேசையாக வைக்கப்போகும் மகளுக்கு, அந்த வெளிச்சத்தில் தன் தாய் சோதனைக்குப் படித்தாள் என்பது தெரியாமல் இருக்கலாம். தாயும் சொல்லாமல் விட்டிருக்கலாம். அடுத்த கலியாணத்துக்கு முன்பு அவர்கள் இருவரும் ஒருமுறை அதைப் பேசி, யாராவது எழுதி வைத்தால், இந்த உரை தன் வேலையைச் செய்துவிட்டது என்று எண்ணிக்கொள்வேன்.

 உங்கள் கேள்விகளையும், உங்கள் வீட்டுக் கலியாணக் கதைகளையும் கேட்க ஆவலாக இருக்கிறேன்.